மஞ்சள் கரு தவிர்க்கவும்

"சாப்பிட்டீங்களா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்க."

"வெறும் வயிறுதான் மேடம்."

"பொய்."

அவள் சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அரை மணி நேரத்துக்கு முன் அவன் கையிலிருந்து எடுத்த ரத்தம். இயந்திரத்தில் சுழற்றியாகிவிட்டது. அடியில் சிவப்பு. அதன் மேல் தேன் நிறத்தில் தெளிவாக நிற்க வேண்டிய நீர், பால் மாதிரி வெளுத்திருந்தது.

மழை மட்டும் இல்லையென்றால் அவன் எப்போதோ போயிருப்பான். காலடியில் ஒரு கனமான தோல் பையோடு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் ஒதுங்கி நின்றான். அவள்தான் உள்ளே கூப்பிட்டாள்.

"இது கொழுப்பு. இன்னிக்குக் காலையில சாப்பிட்டது. வெண்ணெயா?"

அவன் குழாயைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"என் ரத்தமே என்னைப் போட்டுக் கொடுத்துடுச்சா?"

"பன்னிரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு சீட்டுல கொட்டை எழுத்துல போட்டிருக்கு. படிக்கத் தெரியாதா?"

"தெரியும். வீட்டுல விடல."

வீட்டுல...

ஒரு சொல்தான். அவள் மனசுக்குள் ஏதோ ஒன்று உட்காரப் போய், இடமில்லை என்று எழுந்துகொண்டது. கல்யாணமானவன். ஆகட்டுமே. அவளுக்கென்ன வந்தது? ஒரு நாளைக்கு அறுபது பேர் கையைப் பிடிக்கிறாள். அதில் இவன் ஒருவன்.

ஆனால் அந்தக் கண்கள்... மழை நின்று நெடுநேரமாகியும் காயாத தெரு மாதிரி.

"நாளைக்கு வாங்க. ஒரு வேளை பட்டினி கிடந்தா யாரும் செத்துட மாட்டாங்கன்னு உங்க வீட்டுல சொல்லுங்க."

அவன் முகம் ஒரு கணம் அசையவில்லை.

"சொல்றேன்," என்றான். பையைத் தூக்கிக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போனான்.

வரவேற்பு மேஜையில் இருந்த அக்கா எட்டிப் பார்த்தாள். "யாருடி அது? குடை கூட இல்லாம போறார்."

"வெண்ணெய் தின்னுட்டு வந்து வெறும் வயிறுங்கறார்."

"அப்போ அவர் பேர் வெண்ணெய்," என்றாள் அக்கா. பெயர் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் வெண்ணெய் வந்தது. சொன்ன நேரத்துக்கு, காலி வயிற்றோடு. குழாயில் நீர் தெளிவாக நின்றது. கெட்ட கொலஸ்ட்ரால் நூற்று இருபத்தாறு. அவள் அறிக்கையை அச்செடுத்தாள். மேஜை மேலிருந்த ரப்பர் முத்திரையை மையில் அழுத்தி அடியில் ஒரு குத்து குத்தினாள்.

மஞ்சள் கரு, வெண்ணெய் தவிர்க்கவும்.

அவன் அதை இரண்டு முறை படித்தான்.

"இந்த முத்திரை எனக்கா, எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

"அப்போ என் ரத்தத்தை எதுக்கு எடுத்தீங்க?"

அக்கா மேஜைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க என்ன டாக்டரா?" என்றாள் அவள்.

"தராசு பார்க்கிறவன்."

பையைத் திறந்து காட்டினான். வெல்வெட் குழிகளில் பித்தளை எடைக்கற்கள். பெரியதிலிருந்து சிறியது வரை, பள்ளிக்கூட வரிசை மாதிரி. கடை கடையாகப் போவான். தராசில் கல்லை வைத்துப் பார்ப்பான். சரியாக இருந்தால் முத்திரை குத்துவான். இல்லையென்றால் மாட்டான்.

"பார்க்காமலே எல்லாத் தராசுக்கும் குத்தினேன்னா என் வேலை போயிடும் மேடம்."

"இது தராசு இல்ல. உடம்பு. மஞ்சக்கரு சாப்பிட்டா கொலஸ்ட்ரால் ஏறும். ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா? அளந்து பார்த்திருக்கீங்களா?"

திமிர். சுத்தத் திமிர்!

"சரி, அளக்கலாம்," என்றாள் அவள். "இப்போ தினம் எத்தனை முட்டை?"

"ஒண்ணு."

"மூணு சாப்பிடுங்க. முழுசா. ஒரு மாசம். செவ்வாய்க்கிழமை தோறும் வாங்க, நானே எடுக்கிறேன். ஏறினா நீங்க வெண்ணெயை விடணும்."

"ஏறலைன்னா?"

"ஏறும்."

"ஏறலைன்னா நீங்க ஒரு மஞ்சக்கரு சாப்பிடணும். என் கண் முன்னாடி."

அவள் கடைசியாக மஞ்சள் கரு சாப்பிட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன் அப்பாவுக்கு நெஞ்சடைத்தது. பிழைத்தார். அன்றிலிருந்து வீட்டில் வெண்ணெய் இல்லை. காலையில் அவருக்கு இரண்டு முட்டையின் வெள்ளை மட்டும். அவர் சாப்பிட முடியாததை எதிரில் உட்கார்ந்து தின்ன அவளுக்கு மனசு வரவில்லை; அவளுக்கும் இரண்டு வெள்ளைதான். நாலு மஞ்சள் கரு தினமும் தொட்டியில் ஓடியது.

"பக்கத்து வீட்டுல முட்டை பொரிக்கிறாங்க," என்பார் அப்பா, ஜன்னல் பக்கம் மூக்கை நீட்டி. "அந்த ஆளுக்கு என்னை விட நாலு வயசு அதிகம். எனக்கு வயித்தெரிச்சலா இருக்குடா."

"வயித்தெரிச்சலுக்கு மாத்திரை இருக்குப்பா. ரஸ்க் சாப்பிடுங்க."

ரஸ்க், பிஸ்கட். பாக்கெட்டில் பெரிய எழுத்தில் 'கொழுப்பு இல்லை' என்று போட்டிருக்கும். அது போதும் அவளுக்கு.

முதல் செவ்வாய். நூற்று முப்பத்தொன்று.

"ஏறியாச்சு," என்றாள்.

"அஞ்சு புள்ளி. உங்க மெஷின் ஒரே ரத்தத்தை ரெண்டு தடவை போட்டா ஒரே எண்ணைத் தருமா?"

தராது. அது அவளுக்குத் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ரத்தம் கொடுத்ததும் அவன் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறப்பான். நீலத் துணியில் கட்டிய டப்பா. அந்த முடிச்சு... ஒரு பூ மாதிரி. இரண்டு நுனியும் ஒரே அளவு. உள்ளே வெண்ணெய் தடவிய ரொட்டி, ஓரங்கள் நறுக்கி எடுத்தது. மூன்று முட்டை. மிளகுத்தூளுக்குத் தனியாக ஒரு பொட்டலம்.

யார் இப்படிப் பார்த்துப் பார்த்துக் கட்டுகிறாள்? எந்நேரத்துக்கு எழுந்திருப்பாள்? அழகாக இருப்பாளோ? இருப்பாள். இப்படி முடிச்சுப் போடுகிறவள் அழகாகத்தான் இருந்து தொலைப்பாள்.

"உங்க வீட்டுல பொறுமை ஜாஸ்தி போல," என்றாள், பஞ்சை எடுத்து வைக்கிற சாக்கில்.

"ரொம்ப," என்றான் அவன். அவ்வளவுதான்.

அந்த 'ரொம்ப' அவளை நாள் முழுக்கக் குத்தியது.

இரண்டாம் செவ்வாய். நூற்று இருபத்து நாலு.

"இறங்கியிருக்கு," என்றான் அவன். சிரிக்கவில்லை. ஆனால் கண்ணில் ஏதோ மின்னியது.

"ரொம்பக் குதிக்காதீங்க. ஒருத்தரோட உடம்பை வச்சு ஊருக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது."

"நான் குதிக்கல. ஒரே முத்திரையை வச்சும் சொல்ல முடியாதுன்னுதான் சொல்றேன்."

அவள் மேஜை மேல் கிடந்த காகிதத்தை அவன் பக்கம் தள்ளினாள். அப்பாவின் அறிக்கை. "இதைப் பாருங்க. எங்க அப்பா. ஆறு வருஷமா ஒரு துளி வெண்ணெய் கிடையாது. ஆனா ட்ரைகிளிசரைடு, அதான் ரத்தத்துல மிதக்கிற கொழுப்பு, இருநூற்று அறுபது. வெளியில எங்கேயோ திருட்டுத்தனமா வறுத்தது தின்கிறார். கேட்டா சத்தியம் பண்றார்."

"என்ன சாப்பிடுறார்?"

அவள் பையிலிருந்து அப்பாவுக்கு வாங்கிய பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தாள். அவன் முன்பக்கம் பார்க்கவில்லை. திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தான். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டான். ஒரு பாக்கெட் என்றாள். அவன் தோல் பையிலிருந்து ஒரு பித்தளைக் கல்லை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"அம்பது கிராம். ஒரு பாக்கெட்டுல சர்க்கரை மட்டும் இவ்வளவு. மீதி மைதா. டாக்டர்கிட்ட இதைக் காட்டிக் கேளுங்க. அப்பாவைத் திட்டாதீங்க."

கல் சின்னதுதான். ஆனால் கனத்தது. அவன் விரல் சூடு இன்னும் அதில் இருந்தது. அவள் விரல்கள் தானாக மூடிக்கொண்டன...

அவன் போன பிறகுதான் கல் தன்னிடமே இருப்பதைக் கவனித்தாள்.

டாக்டர் அப்பாவின் அறிக்கையையும் பாக்கெட்டையும் பார்த்தார். "பிஸ்கட், ரஸ்க், சர்க்கரை எல்லாத்தையும் நிறுத்துங்க. மாத்திரையை விடக் கூடாது. வெண்ணெய்ல கொஞ்சம் கையைக் கட்டிக்கிட்டே இருங்க. மஞ்சக்கரு வாரத்துக்கு நாலைஞ்சு சாப்பிடலாம், தப்பில்ல."

"சாப்பிடலாமா? ஆறு வருஷமா தொட்டியில கொட்டினேனே டாக்டர்!"

"முன்னாடி நாங்களே அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தோம். இப்போ அவ்வளவு கண்டிப்பா சொல்றதில்ல."

மறுநாள் காலை அப்பா தட்டில் ஒரு முழு முட்டை. அவர் அதை வெகுநேரம் பார்த்தார். "யாரோ உன் மனசை மாத்தியிருக்காங்க," என்றார். "அந்த ஆள் நல்லா இருக்கட்டும்."

நல்லாத்தான் இருக்கிறார் அப்பா. அவர் வீட்டுல நல்லாப் பார்த்துக்கறாங்க.

அவள் வெள்ளையை மட்டும் விழுங்கிவிட்டுக் கிளம்பினாள். பந்தயம் இன்னும் முடியவில்லை.

மூன்றாம் செவ்வாய். காலையில் எழுந்ததிலிருந்தே அவளுக்கு அவள் மேலேயே கோபம். பொட்டை இரண்டு தடவை மாற்றி வைத்தாள். எதற்கு? யார் புருஷனுக்காக?

அவன் வந்தான். கை நீட்டினான். மீசையைத் திருத்தியிருந்தான். அதையும் அந்த முடிச்சுக்காரிதான் கண்ணாடி பிடித்துச் செய்துவிட்டிருப்பாளோ...

ரத்தம் சுழன்று நின்றது. அவள் குழாயை வெளியே எடுத்தாள்.

பால்.

"சாப்பிட்டிருக்கீங்க."

"ஆமா."

"தெரிஞ்சே சாப்பிட்டிருக்கீங்க!"

"வீட்டுல குடுத்தாங்க."

அவ்வளவுதான். மூன்று வாரமாக அடைத்து வைத்திருந்தது உடைந்தது.

"வீட்டுல, வீட்டுல, வீட்டுல! உங்க வீட்டுல இருக்கிறவங்களுக்கு வெறும் வயிறுன்னா என்னன்னு தெரியாதா? ஊட்டி விட்டுத்தான் அனுப்புவாங்களா? நாங்க இங்க வேலை வெட்டி இல்லாம உட்கார்ந்திருக்கோமா? இனிமே வேற லேப் பாருங்க. அங்கேயும் அவங்களையே கூட்டிட்டுப் போய் இடுப்புல உட்கார்ந்துக்கோங்க!"

காத்திருப்பு அறையில் எட்டுப் பேர். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் சட்டைக் கையை மெதுவாக இறக்கினான். பொத்தானைப் போட்டான். போய்விட்டான்.

"ஏண்டி," என்றாள் அக்கா, "அவர் சாப்பிட்டதுக்கா இவ்வளவு கத்தின? குடுத்தது யாருன்னுதானே?"

அவள் குழாயைக் கழிவுப் பெட்டியில் போட்டாள். மேலங்கிப் பையில் அந்த ஐம்பது கிராம் கல் கனத்தது.

நாலாம் செவ்வாய் அவன் வரவில்லை. வாசலில் காலடிச் சத்தம் கேட்கும் போதெல்லாம் அவள் ஊசி நின்றது.

புதன்கிழமை காலை ஒரு பெண்மணி வந்தாள். ஐம்பதைத் தாண்டிய வயது. ஈரக் குடை. கையில் நீலத் துணியில் கட்டிய டப்பா.

அந்த முடிச்சு...

"ரத்தம் குடுக்கணுமாம்மா?"

"இல்ல கண்ணு. மன்னிப்புக் கேக்கணும். வாசல்ல ஒருத்தங்க, வெண்ணெய் நேத்து வரல, பாவம் இந்தப் பொண்ணுன்னு போன்ல யார்கிட்டயோ சொல்லிக்கிட்டிருந்தாங்க. அது எங்க மாப்பிள்ளையா?"

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "மாப்பிள்ளையா? அப்போ உங்க பொண்ணு..."

"போய் ரெண்டு வருஷம் ஆச்சு."

ஒரு வேளை பட்டினி கிடந்தால் யாரும் செத்துட மாட்டாங்க. சொன்னது அவள்தான். அவன் முகம் அசையாமல் நின்றதும் ஞாபகம் வந்தது.

"எனக்கு அவர் மட்டும்தான்," என்றாள் அந்தம்மா. "அவருக்கு நான் மட்டும்தான். வீட்டுலன்னு அவர் சொன்னா அது நாந்தான்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்தம்மா உட்கார்ந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர் நெஞ்சு வலியில போனார். அன்னியிலேர்ந்து பத்து வருஷம் எங்க வீட்டுல யாரும் மஞ்சக்கரு தொட்டதில்ல. நான் போட்ட சட்டம். என் பொண்ணுக்கு வந்த நோய் வேற. சாப்பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு டாக்டரே சொன்னார். கடைசி வாரம், மூணு நாளா ஒண்ணும் இறங்காதவ, 'அம்மா, ஒரு முட்டை வேணும், முழுசா'ன்னு கேட்டா. ஓடினேன். அவிச்சேன். உரிச்சேன். ரெண்டா வகுந்து..."

கையை அந்தரத்தில் அப்படியே செய்து காட்டினாள்.

"மஞ்சக்கருவை எடுத்துத் தொட்டியில போட்டுட்டேன். கை தானா போட்டுச்சும்மா. பழக்கம். தட்டைப் பார்த்து அவ சிரிச்சா. சாப்பிடல. அதுக்கப்புறம் கேக்கவும் இல்ல."

தொட்டி. அவளுக்கும் அந்தத் தொட்டி தெரியும்.

"அதுலேர்ந்து யாரையும் வெறும் வயித்தோட அனுப்ப என்னால முடியல. முதல் நாள் அப்படித்தான் குடுத்தேன். ஆனா போன வாரம்..." அந்தம்மா குரலைத் தாழ்த்தினாள். "போன வாரம் வேணும்னே குடுத்தேன். செவ்வாய்க்கிழமைன்னா மீசையைத் திருத்திக்கறார். கண்ணாடி முன்னாடி நிக்கிறார். சீட்டி அடிக்கிறார்! ரெண்டு வருஷமா நாலு வார்த்தை பேசாத மனுஷன். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என் பொண்ணு நின்ன இடத்துல யாரோ ஒருத்தி நிக்கப் போறாளேன்னு. டெஸ்ட் கெட்டுப் போகட்டும்னு ரெண்டு கை வெண்ணெயை அப்பிக் குடுத்தேன். அவர் ரொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டுட்டுப் போனார்."

"நான் அவரைத் திட்டிட்டேன்மா. எல்லார் முன்னாடியும்."

"தெரியும். அதைச் சொல்லவே இல்ல. சீட்டி நின்னு போச்சு. அதுலேர்ந்து தெரிஞ்சுக்கிட்டேன்."

"நானும்..." அவள் தரையைப் பார்த்தாள். "நானும் இந்த முடிச்சைப் பார்த்துத்தான் வயிறெரிஞ்சேன். ஒரு மாசமா."

அந்தம்மா டப்பாவைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அழுகையும் கூடவே வந்தது. "என் மேலயா? நல்லா இருக்கு போ. நான் உன் மேல, நீ என் மேல. நடுவுல அந்த மனுஷன் வயிறு..."

எழுந்தாள். "நாளைக்கு அனுப்பறேன். பச்சைத் தண்ணியோட."

மறுநாளும் மழை. அவன் சொட்டச் சொட்ட வந்தான். தோல் பை ஒரு கையில், நீல டப்பா மறு கையில். வாசல் மிதியடியிலேயே நின்றான்.

"வேற லேப் எல்லாம் தூரம்," என்றான்.

"உட்காருங்க."

நாடாவைக் கட்டினாள். நரம்பைத் தேடினாள். இரண்டு தடவை தேட வேண்டியிருந்தது. ஐந்து வருஷத்தில் முதல் முறை.

"அன்னிக்கு நான் பேசினது..."

"விடுங்க. எனக்கும் ஒண்ணு கேக்கணும். ஒரு நாளைக்கு எத்தனை பேர் கையைப் பிடிக்கிறீங்க?"

"அறுபது. ஏன்?"

"மீதி அம்பத்தொன்பது பேரை நினைச்சா பொறாமையா இருக்கு."

ஊசி நின்றது. அக்கா சத்தமே இல்லாமல் எழுந்து அடுத்த அறைக்குப் போனாள்.

ரத்தம் சுழன்றது. பொன் நிறத் தெளிவு. எண் வந்தது. நூற்று இருபத்தொன்பது.

"மூணு புள்ளி ஏறியிருக்கு," என்றாள்.

"மெஷின் தடுமாற்றமே அதை விட ஜாஸ்தி."

"அப்போ யாரும் ஜெயிக்கல."

"யாரும் தோக்கல."

அறிக்கையை எடுத்தாள். கை பழக்கத்தில் முத்திரையைத் தூக்கியது. மையில் அழுத்தியது. அந்தரத்தில் நின்றது. அதை அப்படியே இழுப்பறையில் போட்டு மூடினாள். முத்திரை இல்லாத தாளை அவனிடம் நீட்டினாள். கூடவே அந்தப் பித்தளைக் கல்லையும்.

"இதை அன்னிக்கு மறந்துட்டுப் போயிட்டீங்க."

அவன் தோல் பையைத் திறந்தான். வரிசையில் ஒரே ஒரு குழி காலியாக இருந்தது. கல்லை அவன் வாங்கவில்லை.

"கல்லை மறந்து வைக்கிறவன் இந்த வேலைக்கு லாயக்கில்ல," என்றான். "மறக்கல."

அவள் கல்லை மறுபடி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்...

"டப்பாவைத் திறங்க," என்றான். "ஒண்ணு உங்களுக்குன்னு அத்தை சொல்லி அனுப்பினாங்க. முழுசா சாப்பிடணுமாம். பாதியை எடுத்து வச்சா கோவம் வரும்."

அவள் முடிச்சைப் பார்த்தாள். இரண்டு நுனியும் ஒரே அளவு. மெல்ல அவிழ்த்தாள். முட்டையைக் கடித்தாள். ஆறு வருஷத்து மஞ்சள் நாக்கில் கரைந்தது. கண் ஏன் கலங்குகிறது என்று அவன் கேட்கவில்லை. மிளகுத்தூள் பொட்டலத்தை மட்டும் பிரித்துக் கொடுத்தான்.

அவன் போன் அடித்தது. யாரோ கடைக்காரர். மழையானாலும் உடனே வந்து தராசைப் பார்க்க வேண்டும் என்று கத்துவது அவளுக்கே கேட்டது.

அவன் அவளைப் பார்த்தான். நேராக. கண்களில் அந்தத் தெரு காயத் தொடங்கியிருந்தது.

"இருங்க அண்ணே," என்றான் போனில். "வீட்டுல கேட்டுச் சொல்றேன்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே காத்திருந்தான்.

அவள் வாயில் முட்டை. முகமெல்லாம் சிவப்பு. விழுங்கினாள்.

"சாப்பிட்டுட்டுத்தான் வருவார்னு சொல்லுங்க."